சிவப்புத் துணி கட்டிய கூண்டு

"நீ பெரிசானா என்னவாகப் போற அம்மிணி?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அத்தை மகள் குனியமாட்டாள். "கோழி டாக்டருங்க" என்பாள். என்னைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவள். ஒருமுறை அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "நானும் கோழி டாக்டருங்க" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

நாமக்கல் பக்கம் அப்பாவுக்கு முட்டைக் கோழிப் பண்ணை இருந்தது. நீளமான கொட்டகை, வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், கூண்டுக்கு மூன்று கோழி. கோடை விடுமுறைக்கு வரும் அத்தை மகள், காலையிலேயே வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு அப்பாவோடு உள்ளே போய்விடுவாள். சீக்குக் கோழி எது என்று நின்று பார்த்தே சொல்லுவாள். அந்தக் கூண்டில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவாள். எல்லாக் கூண்டும் ஒன்றுபோல இருப்பதால் அந்த அடையாளம். சாயங்காலம் வேலையாள் வந்து அந்தக் கோழியைத் தனியே எடுத்து வைப்பார்.

"என்ற மருமவளுக்குக் கோழி பேசறது கேக்குது" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். பிறந்ததிலிருந்து அந்தப் பண்ணையிலேயே கிடந்த என்னிடம் எந்தக் கோழியும் ஒன்றும் பேசியதில்லை.

ஒரு நாள் மதியம் அவள் கட்டிய துணியை அவிழ்த்து, எட்ட இருந்த வேறொரு கூண்டில் கட்டினேன்.

சாயங்காலம் வேலையாள் வந்து, "ஏனுங்க, துணி கட்டுன கூண்டுல மூணும் கிண்ணுனு நிக்குதுங்க" என்றார்.

"டாக்டரம்மாளுக்குக் கண்ணு மங்கிப்போயிருச்சாட்ட இருக்குது" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் மதியத்திலிருந்து காத்திருந்தேன். ஆனால் அவள் முகம் சுருங்கவில்லை. கூண்டை உற்றுப் பார்த்தாள்.

"இது இல்லீங்க மாமா. துணி மாறியிருக்குது. அது காலைலருந்து தண்ணியே குடிக்கலீங்க. இன்னிக்கே தேடோணும். இல்லீனா பக்கத்துக் கோழியெல்லாம் படுத்துருமுங்க."

மாற்றியது யார் என்று கேட்கவே இல்லை. அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

"நானும் தேடறனுங்க அப்பா" என்றேன். நேராக நான் துணியை அவிழ்த்த கூண்டுக்குப் போய், நானே கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பேர் வாங்கிவிடலாம் என்று திட்டம். போய்ப் பார்த்தால் எந்தக் கூண்டு என்று எனக்கே தெரியவில்லை. துணி இல்லாமல் எல்லாம் ஒன்றுதான்.

அவள் அந்தக் கோடியிலிருந்து வந்தாள், நான் இந்தக் கோடியிலிருந்து போனேன். அப்போதுதான் தீவனம் கொட்டியிருந்தார்கள். கூண்டுக்கு மூன்று கழுத்து வெளியே நீண்டு கொத்திக்கொண்டிருந்தது. மூன்று, மூன்று, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனேன். கால் வலித்தது. தாகமெடுத்தது. நடு வரிசையில் ஒரு கூண்டில் இரண்டு கழுத்துதான் நீண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். மூன்றாவது, கொண்டை வெளுத்து, கண்ணை மூடிப் பின்னால் ஒடுங்கி நின்றது.

"ஏய், இங்க வா!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்து கையை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதேதான். எப்புடிப் புள்ள கண்டுபுடிச்ச?"

"கழுத்து ரெண்டுதான் இருந்துச்சு."

"அட, எனக்கு இது தோணவே இல்ல பாரு!" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அப்பாவிடமும் அப்படியே சொன்னாள். அப்பா பாதியைத்தான் காதில் வாங்கினார். "பாத்தீங்களா, என்ற மருமவ சொன்னது சரியாப்போச்சு" என்று வேலையாளிடம் பெருமை பேசிக்கொண்டு போனார். நான் தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அவள் சொன்னபடியே கோழி டாக்டராகிவிட்டாள். யாராவது அவளைப் புகழ்ந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சில் சுருக்கென்கிறது. பள்ளியோடு படிப்பை நிறுத்திய நான்தான் இப்போது பண்ணையைப் பார்க்கிறேன். சாயங்காலம் தீவனம் கொட்டியதும் கழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

மூட்டைக்குப் பின்னால் அழுத அந்தப் பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லை. முதல் கூண்டிலிருந்து அந்த நடு வரிசை வரைக்கும், அப்பா பார்க்கிறாரா என்று நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.