உள்வீட்டிலிருந்து முன்னறைக்கு ஒரு நீல ஒயர்

சித்திரை வெயிலில் எங்கள் முன்னறைக் கம்ப்யூட்டரைப் போட்டதும் அதன் விசிறி ஒரு முக்கல் முக்கிச் சுழலத் தொடங்கும். உள்ளே படிந்திருந்த கரிசல் புழுதி சூடாகி, வெறும் சட்டியை அடுப்பில் மறந்து வைத்துவிட்டதைப் போன்ற ஒரு வாசனை அறை முழுக்கப் பரவும். கோவில்பட்டியில் கோடையில் புழுதி இல்லாத இடம் கிடையாது. உழுது போட்ட காடுகளிலிருந்து கிளம்பும் சுழிக்காற்று தெருவுக்குள் நுழைந்தால் சோற்றுப் பானைக்கும் மூடி வேண்டும், கம்ப்யூட்டருக்கும் மூடி வேண்டும். அம்மா தன் பழைய வாயில் புடவையைக் கிழித்து இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் உறை தைத்துப் போட்டிருந்தாள். அப்படியும் புழுதி புகுந்தது. புகுந்து, முன்னறைக் கம்ப்யூட்டரின் ஃபிளாப்பி போடும் வாயைத்தான் முதலில் அடைத்தது.

எங்கள் வீட்டைத் தெருவில் "டைப்படிக்கிற வீடு" என்பார்கள். அப்பா தீப்பெட்டி லோடு ஏற்றிப் போகும் லாரிக்கு ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அம்மா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் படித்தவள், பிறகு கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டு, தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரையும் லேசர் பிரிண்டரையும் வைத்து வேலை எடுத்துச் செய்தாள். கல்யாணப் பத்திரிகை, மனு, காதுகுத்து அழைப்பு எல்லாம் வரும் என்றாலும் எங்கள் வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ்தான். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களில் கொடைக்கு வரி கொடுத்த அத்தனை பேருடைய பெயரும் நோட்டீஸில் வர வேண்டும், அதுவும் யாருக்கு மேலே யார் என்று ஊர் பேசி முடிவு செய்த வரிசையில் வர வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் கொடையே நின்றுபோகும் அளவுக்குச் சண்டை வரும். அம்மா அடித்த நோட்டீஸில் பெயர் விட்டுப்போனது இல்லை என்பதுதான் அவளுடைய முதலீடு.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த அந்தக் கோடையில், குழாயில் தண்ணீர் வந்த ஒரு காலையில், அம்மா நிறைகுடத்தோடு வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொடை வேலைகள் குவிகிற நேரம். வீட்டில் இரண்டாவதாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கழித்துக் கட்டியதை அப்பா வாங்கி வந்திருந்தார். அதை உள்வீட்டில் அம்மாவின் கட்டிலோரம் வைத்தோம். கட்டிலில் சாய்ந்தபடி அம்மா நோட்டீஸ் அடிப்பாள். முன்னறையில் நான் வருகிறவர்களின் சின்ன வேலைகளை முடித்துக் கொடுப்பேன். ஆனால் முந்தைய வருடம் இடி விழுந்ததில் உள்வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரிண்டர் சொருகும் இடம் கருகிப் போயிருந்தது. ஆகவே அம்மா அடித்ததை ஃபிளாப்பியில் ஏற்றி, நான் அதை முன்னறைக்கு ஓடிக் கொண்டுவந்து, அங்கிருந்து பிரிண்ட் எடுக்க வேண்டும்.

அந்த ஓட்டம் கொஞ்ச நாள்தான் ஓடியது. முன்னறைக் கம்ப்யூட்டர் ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு "கறக், கறக்" என்று மென்றுவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் பெரியசாமி அண்ணாச்சி தம் ஊர்க் காளியம்மன் கொடைக்கு நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார். ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். கொடைக் கமிட்டியில் முக்கியமானவர். கட்டிலருகே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்லச் சொல்ல அம்மா முழு நோட்டீஸையும் அடித்து முடித்துவிட்டாள். அதை வெளியே எடுக்கத்தான் வழியில்லை.

"தங்கச்சி, பந்தக்கால் நாட்டுக்கு முன்ன நோட்டீஸ் ஊருக்குள்ள வந்துரணும். இல்லன்னா ஊர்க்காரவிய வேற கடையில அடிப்போம்னு நிப்பாவ. நான் ஒருத்தன் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் அம்மாவை இன்னும் பயமுறுத்தியது. ஒரு ஊர்க் கொடை வேலை கைமாறினால் பிறகு அந்த ஊரே திரும்பி வராது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தோம். அவர் இரண்டையும் திறந்து பார்த்து, "ரெண்டுமே கெழடு. இதுக்குச் சாமான் வாரதில்ல. ஒண்ணத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புதுசு வாங்குகிற நிலையில் நாங்கள் இல்லை.

அப்போதுதான் எனக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த "ப்ரவுசிங் சென்டர்" நினைவுக்கு வந்தது. அம்மாவின் தமிழ் எழுத்துகள் அங்கே கிடையாது என்பதால் எங்கள் நோட்டீஸை அங்கே பிரிண்ட் எடுக்க முடியாது. ஆனால் அங்கே எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் மூலையில் இருக்கும் ஒரே பிரிண்டரில்தான் தாள் வரும். யாரும் ஃபிளாப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்ததில்லை. எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒயர் போட்டுச் சேர்த்திருந்தார்கள். நான் போய் அங்கே கல்லாவில் இருந்த முருகேஸ்வரி அக்காவிடம், எங்கள் வீட்டிலும் இப்படிச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "நான் காசு வாங்கிப் போடுதவ. எனக்கு என்ன தெரியும்? நீ வேணும்னா இங்கன உக்காந்து நெட்டுல தேடிப் பாரு" என்று ஒரு மூலையைக் காட்டினாள். அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் அங்கே உட்கார்ந்து, பள்ளிக்கூட இங்கிலீஷை வைத்துக்கொண்டு, வாசித்ததையே மறுபடி மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு "நெட்வொர்க் கார்டு" வேண்டும், நடுவில் ஒரு ஒயர் வேண்டும், இரண்டுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் என்று புரிந்த அன்று எனக்கு ஓடவேண்டும் போல் இருந்தது. சென்டரில் மாற்றிக் கழித்துப் போட்டிருந்த இரண்டு கார்டுகளையும், அதற்கான சி.டி.யையும், நீளமான நீல ஒயரையும் முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தது முருகேஸ்வரி அக்காதான்.

கார்டுகளைச் சொருகிவிட்டேன். உள்வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி. போட்டதும் அது கார்டை அடையாளம் கண்டுகொண்டது. முன்னறைக் கம்ப்யூட்டரில் சி.டி. போடும் இடமே கிடையாது. ஃபிளாப்பி வாயும் செத்துவிட்டது. கார்டை எழுப்பத் தேவையான ஃபைலை அதற்குள் எப்படிக் கொண்டுபோவது? ஒரே ஒரு வழிதான் இருந்தது. முன்னறைக் கம்ப்யூட்டரின் "ஹார்டு டிஸ்க்"கைக் கழற்றி உள்வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபைலை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். அம்மா அத்தனை வருடமாக அடித்த நோட்டீஸும் பத்திரிகையும் எல்லா ஊர்ப் பெயர் வரிசைகளும் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு எங்கும் கிடையாது.

லோடு இறக்கிவிட்டு அன்றுதான் வீட்டுக்கு வந்திருந்த அப்பா, நான் திருப்புளியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இருக்கதையும் கெடுத்துப் போடாத. ஒங்கம்மா ஒழைப்பு பூரா அதுக்குள்ளதான கெடக்கு" என்றார். திருப்புளியைக் கீழே வைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கட்டிலிலிருந்து அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒனக்கு வெளங்கித்தான் செய்யுதியா?" என்றாள்.

"வெளங்கித்தாம்மா செய்யுதேன்."

"பெறகு எதுக்கு நிக்க? கழட்டு. போச்சுன்னா திரும்ப அடிச்சுக்கிடுதேன். கால்தான ஒடிஞ்சிருக்கு, கை நல்லாத்தான இருக்கு."

அப்பா தம் தோள்துண்டை நாலாக மடித்து, நான் கழற்றிய டிஸ்க்கை அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் ஏந்தி உள்வீட்டுக்குக் கொண்டுவந்தார். பச்சைப்பிள்ளையைத் தூக்குகிறவர் கூட அவ்வளவு மெதுவாக நடக்கமாட்டார். டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, இரண்டாவது டிஸ்க்காக வைப்பதற்குச் சின்ன ஊசிகளின்மேல் இருந்த பிளாஸ்டிக் தொப்பியை எடுத்து இடம் மாற்றிச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். திரையில் அம்மாவின் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வரிசைகட்டி வந்தன. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஃபைலை ஏற்றி, டிஸ்க்கை மறுபடி முன்னறைக்குக் கொண்டுபோய் மாட்டினேன். கார்டு எழுந்துகொண்டது. அப்பா சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்துக் கொடுத்தார். இரண்டு முனையையும் சொருகினேன். கார்டின் பின்னால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி மறுபடி பிடுங்கிச் சொருகிப் பார்த்தும் எரியவில்லை. டிஸ்க் உள்வீட்டில் இருந்தபோதே நோட்டீஸையும் அதில் ஏற்றியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது, ஆனால் அதை இன்னொரு தரம் கழற்ற அப்பா சம்மதிக்கவில்லை. அன்று சாயங்காலம் பெரியசாமி அண்ணாச்சி வந்து, மறுநாள் கடைசி, அதற்குமேல் தம்மால் ஊரை நிறுத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஒயரை உருவிச் சுருட்டிக்கொண்டு, சென்டர் திறக்கும்போதே போய் நின்றேன். அங்கே ஒயர்களைக் கண்ணால் தொடர்ந்து போனபோதுதான் கவனித்தேன், எந்த ஒயரும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகவில்லை. எல்லாம் நடுவில் ஒரு பெட்டிக்குள் போய்த்தான் பிரிந்தன. எங்கள் வீட்டில் பெட்டி இல்லை. பெட்டி இல்லாமல் நேராக மாட்டினால் ஒயரின் ஒரு முனையில் மட்டும் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறி இருக்க வேண்டும் என்று எங்கேயோ வாசித்து, எனக்கில்லை என்று தள்ளியிருந்தேன். ஒன்று அனுப்புகிற கம்பியில் மற்றது கேட்க வேண்டுமல்லவா! முருகேஸ்வரி அக்கா முனை அமுக்கும் கருவியையும் இரண்டு புது முனைகளையும் எடுத்துக் கொடுத்தாள். முதல் முனையைக் கெடுத்தேன். இரண்டாவதில் எட்டுக் கம்பிகளும் வேண்டிய வரிசையில் உட்கார்ந்தன.

வீட்டுக்கு வந்து ஒயரை மறுபடி இழுத்துச் சொருகியதும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. இரண்டுக்கும் எண் கொடுத்தேன். முன்னறையிலிருந்து உள்வீட்டின் எண்ணை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். "பிங்" பண்ணுவது என்பார்கள். பதில் வந்தது. இன்னொன்று வந்தது. வர வேண்டிய நான்கு பதில்களும் வந்தன. பிரிண்டரை இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக்கிவிட்டு, "அம்மா, ஏதாவது ஒண்ண அடிச்சிப் பிரிண்ட் குடு!" என்று முன்னறையிலிருந்து கத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரிண்டர் முனகியது. தாள் மெல்ல வெளியே வந்தது. அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, நோட்டீஸில் சாமி பேருக்கு மட்டும் அம்மா எடுக்கிற, பூ வேலை செய்த பெரிய எழுத்தில், தாளின் அகலத்தையே அடைத்துக்கொண்டு: "சங்கரேஸ்வரி."

அது என் பெயர். என்னைப் பாராட்டி ஒரு வார்த்தை அம்மா வாயால் அதுவரை வந்ததில்லை, அதற்குப் பிறகும் வெகு காலம் வந்ததில்லை. நான் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்த அப்பா அதை வாசித்துவிட்டு, வாசலில் போன யாரையோ கூப்பிட்டு, "நம்ம பிள்ள ரெண்டு கம்ப்யூட்டரையும் சேத்துட்டாய்யா, இந்தா பாரும்!" என்றார். தெருவே வந்து ஒயரைப் பார்த்துவிட்டுப் போனது.

மத்தியானம் பெரியசாமி அண்ணாச்சி வந்தபோது, அச்சகத்தில் கொடுத்து அடிக்க வேண்டிய நோட்டீஸின் முதல் பிரதி தயாராக இருந்தது. விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒன்றும் விட்டுப்போகவில்லை. கட்டிலில் கைக்கு அகப்பட்ட தாளின் பின்பக்கத்தில் அம்மா அச்சகத்துக்கு வழி எழுதிக் கொடுத்தாள். அது என் பெயர் இருந்த தாள்தான் என்பது அவர் பஸ் ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நோட்டீஸ் கால் நாட்டுக்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் மட்டுமல்ல, அம்மா கடையை மூடும்வரை அந்த ஊர் வேறு கடைக்குப் போகவில்லை.

இப்போது அந்த முன்னறையில் செல்போன் ரீசார்ஜ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களும் எடைக்குப் போய்விட்டன, ப்ரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் பேக்கரி வந்துவிட்டது. கொடை நோட்டீஸ் படமாகப் போனுக்கு வருகிறது. பெயர் விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே திருத்தி மறுபடி அனுப்பிவிடுகிறார்கள், சண்டைக்குக்கூட நேரம் கிடைப்பதில்லை. நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அம்மா என்னை யாரோ ஒரு புதுப்பெண்ணுக்கு அறிமுகம் செய்தாள். டீச்சர் என்று சொல்லவில்லை. "இவதான் எங்க வீட்டுல ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒயர் போட்டுச் சேத்தவ" என்றாள். அந்தப் பெண் தன் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று புரியாமல் மரியாதைக்குச் சிரித்தாள்.

"ஒனக்குத் தெரியாதும்மா," என்று அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அதுக்கு வழியே இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. இவ செஞ்சா."