சம்பங்கியின் பசிப்பொடி

கெலமங்கலத்தில் சம்பங்கி மருந்து இடித்தால் வாசனை அடுத்த தெரு வரை போகும். எட்டுச் சரக்கையும் தனித்தனியாக வறுத்து, இடித்து, துணியில் சலித்துத்தான் கலப்பாள். பசியற்றுப் போனவர்களுக்கு அவள் பொடி பொய்த்ததே இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் புளி வியாபாரி மெஹபூப் பாஷாவுக்கு இதயம் தளர்ந்து, மூச்சு வாங்கி, கால் வீங்கியது. ஓசூர் டாக்டர் மாத்திரை கொடுத்து உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். உப்பில்லாத களியைப் பாஷா தொடவில்லை. கால் பருக்க, தோளும் கையும் குச்சியாயின. அவர் மனைவி ஷரீஃபுன்னிசா சம்பங்கியைத் தேடி வந்தாள்.

"வீக்கத்த டாக்டர் பாத்துக்குவாரு. நீ அவர நாலு வாய் சாப்பிட வெச்சுடு, தாயி."

பொடி வேலை செய்தது. பாஷா தட்டைக் காலி செய்தார். ஆனால் வீக்கம் தொடைக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது.

"உப்பு எங்கிருந்தோ உள்ள போகுது," என்றார் டாக்டர்.

"உப்புச் சாடியையே பக்கத்து வூட்டுக்குக் குடுத்துட்டேங்க."

"அப்ப அந்தப் பொடிய நிறுத்துங்க."

பொடியை நிறுத்தினால் பசி போகும். சாப்பாடு போனால் ஆளே போய்விடுவார். சம்பங்கிக்கு வேலை ஓடவில்லை. கழுவாமல் வைத்திருந்த உரலைப் பக்கத்து வீட்டுப் பசு நக்கியது. அக்கா சென்னம்மாள் விரட்டினாள். அது திரும்பி வந்து நக்கியது.

"சுக்கும் மொளகும் இடிச்ச உரல்ல இதுக்கு என்னாடி ருசி?"

சம்பங்கி நிமிர்ந்தாள். உப்புப் பட்ட இடத்தைத்தான் மாடு இப்படி விடாமல் நக்கும். எட்டுச் சரக்கில் ஒன்று இந்துப்பு. உப்பை விலக்கி விரதம் இருப்பவர்கள்கூட அதைச் சேர்ப்பார்கள். அது மருந்து, உப்பில் சேராது என்றே ஊர் நம்பியிருந்தது. அவளும் நம்பியிருந்தாள்.

நேரே பாஷா வீட்டுக்குப் போனாள். "தப்பு எம்பொடியிலதான், அக்கா. இந்துப்பும் உப்புதான்."

"எஞ்சாடிய வெளிய அனுப்பிட்டு உஞ்சாடிய உள்ள வுட்டனா நானு?"

கட்டிலிலிருந்து பாஷா சொன்னார்: "திட்டாத. எனக்குச் சோறு எறங்க வெச்சவ அவதான். அது இல்லாமலும் எறங்குமான்னு கேளு."

"எறக்கறேன், பாய்."

டாக்டரிடம் சரக்கையெல்லாம் சொன்னாள். மாத்திரையை விடக் கூடாது என்ற கண்டிப்போடு அவர் சம்மதித்தார். இந்துப்பை நீக்கிப் புதிதாக இடித்தாள். ருசிக்குப் புளிச்சக்கீரையைப் பூண்டும் சீரகமும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கடைந்து களியோடு வைத்தாள்.

பாஷா முகம் சுளித்தார். "நாக்கு உப்பத் தேடுது, சம்பங்கி."

"தேடட்டும், பாய். தேடிக்கிட்டே தின்னுங்க."

தின்றார். மறுநாள் கீரையை அவரே கேட்டார். முதலில் வீக்கம் வடிந்தது. பிறகு மெல்ல உடம்பு தேறியது. மாசியில் புளி வரத்து தொடங்கியபோது சந்தையில் தானே நின்று விலை பேசினார். சந்தைக்கு வந்திருந்த ஓசூர் டாக்டர் அங்கேயே அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி எறங்கி, சதை ஏறியிருக்கு," என்று சிரித்தவர், ஷரீஃபுன்னிசாவோடு நின்ற சம்பங்கியிடம் திரும்பினார். "கிருஷ்ணகிரியில ரெண்டு பேரு இப்படித்தான் சாப்பிடாம கெடக்கறாங்க. வந்து பாக்கறியாம்மா?"

சம்பங்கி வாய் திறக்குமுன் ஷரீஃபுன்னிசா முந்திக்கொண்டாள். "வருவா. எங்க வண்டியிலயே வருவா. கீரை கடைய நானும் வர்றேன்."