நிற்காமல் ஓடிய நாட்கள்

கொளஞ்சியப்பனுக்கு சிமென்ட் ஆலையில் வேலை கிடைத்தது அவர் படித்த ஐ.டி.ஐ. படிப்பால் அல்ல, அப்பா கொடுத்த மூன்றேகால் ஏக்கரால். அரியலூருக்குக் கிழக்கே முந்திரியும் கடலையுமாகக் கிடந்த செம்மண் காடு அது. அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று ஆலைக்காரர்கள் வந்து கேட்டபோது, நிலத்துக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு வேலை என்று பேச்சு முடிந்தது. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அதே காட்டில் காலங்காலமாகக் கடலை பிடுங்கிய பூமாலை குடும்பத்துக்குச் சொந்த நிலம் இல்லை. அதனால் அவர்களுக்கு விலையும் இல்லை, வேலையும் இல்லை. பூமாலையின் மகன் வைரக்கண்ணு பத்து வருடம் கழித்து அதே ஆலைக்கு ஒப்பந்தக் கூலியாக வந்து சேர்ந்தார். கொளஞ்சியப்பன் வாங்கிய சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. இருவரும் வேலை பார்த்த இடம் மட்டும் ஒன்றுதான்.

அந்த இடம், ஆலையின் நடுவே இருபது மாடி உயரத்துக்கு நின்ற இரும்புக் கோபுரம். அரைத்த சுண்ணாம்புக்கல் மாவு அதன் உச்சியிலிருந்து புனல் போன்ற பெரிய கலன்கள் வழியாக ஒவ்வொன்றாக இறங்கி வரும். கீழே சூளையிலிருந்து அனல் மேலே ஏறும். சூளைக்குள் விழுவதற்கு முன்பே மாவு எண்ணூறு டிகிரிக்குக் காய்ந்திருக்கும். சில நேரம் கலனின் கழுத்தில் மாவு ஒட்டி அடைத்துக்கொள்ளும். அப்போது மாவு விடுவதையும் அதோடு சூளையையும் நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் உள்ள சிறிய கதவைத் திறந்து, பன்னிரண்டு அடிக் கம்பியால் குத்தி அடைப்பை எடுக்க வேண்டும். நிறுத்தாமல் குத்தினால், அடைப்பு விடுகிற நொடியில் காய்ந்த மாவு தண்ணீர்போலப் பாய்ந்து வெளியே வந்துவிடும். கோபுரத்தில் ஏறுகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் இது. இருபத்தாறு வருடத்தில் கொளஞ்சியப்பன் நூறு பேருக்காவது சொல்லித் தந்திருப்பார். அவர் அந்தக் கோபுரத்தின் ஃபோர்மேன்.

ஆலையைத் தொடங்கிய குடும்பம் நொடித்துப்போனபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் வந்து அதை வாங்கியது. அவர்களுக்கு சிமென்ட் செய்யத் தெரியாது. உலகம் முழுக்க இருக்கும் பணக்காரர்களின் காசை வாங்கி, வளரும் நாடுகளில் தள்ளாடுகிற கம்பெனிகளில் போட்டு, நிமிர்த்தி விற்றுவிட்டுப் போவதுதான் அவர்கள் தொழில். நிமிர்த்த அவர்கள் அனுப்பிய மேலாளர் ஜெயசீலன், ஏலாக்குறிச்சிக்காரர். அப்பா ஆரம்பப்பள்ளி வாத்தியார். வெளிநாடெல்லாம் படித்துவிட்டு வந்த நம்ம ஊர்ப் பிள்ளை என்று ஆலையில் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்தது.

முதல் வாரமே கேண்டீனில் கொளஞ்சியப்பனுக்கு எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார் ஜெயசீலன்.

"அண்ணே, ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். மூணு வருஷந்தான் டைம். அதுக்குள்ள லாபத்தக் காட்டி நல்ல வெலைக்கு வித்தா இந்த ஆலை பொழைக்கும். இல்லன்னா இழுத்து மூடிட்டு எடைக்குப் போட்டுருவாங்க. எழுநூறு குடும்பம்."

"நாங்க என்ன சார் செய்யணும்?"

"சூளை நிக்கக் கூடாதுண்ணே. அவ்வளவுதான். ஒரு தடவ நின்னு சூடேறி மறுபடி ஓடறதுக்குள்ள முப்பது நாப்பது லட்சம் போயிடுது."

அந்தப் பேச்சு கொளஞ்சியப்பனுக்குப் பிடித்திருந்தது. பழைய முதலாளி வீட்டு ஆட்கள் அவரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், கணக்கைச் சொல்கிறார்.

வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். சூளை நிற்காமல் ஓடிய நாட்கள் அதில் தினமும் காலையில் மாறும். நாற்பதைத் தாண்டியபோது எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அறுபதைத் தாண்டியபோது ஆளுக்கொரு சட்டை. இன்னொரு பக்கம் கோபுரத்தில் நாற்பத்தொரு ஒப்பந்த ஆட்கள் இருபத்தாறாகக் குறைந்தார்கள். அடைப்பு விழாமல் காற்றடிக்கிற கருவிகள் பதினாறில் ஒன்பது பழுதாகி நின்றன. உதிரிபாகம் அடுத்த காலாண்டில் வரும் என்றார்கள். வருடா வருடம் பதினெட்டு நாள் நிறுத்திப் பார்க்கிற பராமரிப்பை ஒன்பது நாளாக்கினார்கள், அடுத்த வருடம் அதையும் தள்ளிப்போட்டார்கள். அனல் தாங்கும் உடுப்பு ஆறு இருந்ததில் நான்கு கிழிந்துவிட்டன.

பலகையில் எழுபத்தொன்று இருந்த ஒரு நாள் நான்காவது கலன் அடைத்துக்கொண்டது. கொளஞ்சியப்பன் ஒரு நிமிடம் யோசித்தார். அடைப்பு பெரிதில்லை என்று கலனைத் தட்டிப் பார்த்த சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது. மாவை நிறுத்தச் சொல்லாமல் தாமே உடுப்பை மாட்டிக்கொண்டு, கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, சாய்வாக நின்று குத்தி எடுத்துவிட்டார். எல்லாம் எட்டே நிமிடம். சூளை நிற்கவில்லை. மாதக் கூட்டத்தில் ஜெயசீலன் அவரை மேடைக்கு அழைத்துக் கைகொடுத்தார். சிறந்த மேற்பார்வையாளர் என்று கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றும் தந்தார். கொளஞ்சியப்பன் மனைவி லீலாவதி அதை டி.வி.க்கு மேலே மாட்டினாள்.

அதற்குப் பிறகு ஓடும்போதே குத்துவது வழக்கமாகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. ஃபோர்மேன் செய்தார் என்பதே மற்றவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாவது வருடம் மாசி மாதம், பலகையில் நூற்றுப் பதினெட்டு இருந்த அன்று, ஆலையை வாங்க வந்தவர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை பதினொரு மணிக்கு நான்காவது கலன் மறுபடி அடைத்தது. கொளஞ்சியப்பன் தட்டிப் பார்த்தார். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. கழுத்திலிருந்து மேலே வெகுதூரம் நிரம்பியிருக்கிறது. அவர் ஜெயசீலனைப் போனில் கூப்பிட்டார்.

"சார், பெரிய அடைப்பு. நிறுத்தணும்."

ஜெயசீலன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, அவங்க என் பக்கத்துல கன்ட்ரோல் ரூம்லதான் நிக்கறாங்க. எல்லாம் ஸ்கிரீன்ல தெரியுது. ஒரு பதினஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணிப் பாருங்களேன். உங்களால முடியும்ணே."

உங்களால முடியும் என்ற அந்தச் சொல்லில் கொளஞ்சியப்பன் விழுந்தார். வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். மாவை நிறுத்துகிற அதிகாரம் ஃபோர்மேனுக்கே உண்டு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னால் எத்தனையோ நாள் அவர் நினைத்துப் பார்த்தது இதைத்தான்.

அன்று கம்பி பிடித்தவர் வைரக்கண்ணு. அவர் கலனைப் பார்த்தார், பிறகு ஃபோர்மேனைப் பார்த்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க ஃபோர்மேன். இது அன்னிக்கு மாதிரி இல்லங்க."

"ஒரு குத்து குத்திப் பாரு. அசையலன்னா நிறுத்திரலாம்."

"இல்லங்க, மேல நெறைய நிக்குதுங்க."

"பாத்துக்கிட்டுத்தானே நிக்கறேன். குத்துப்பா."

வைரக்கண்ணு மேற்கொண்டு பேசவில்லை. பேசினால் மறுநாள் ஒப்பந்தக்காரர் பட்டியலில் பெயர் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கதவைத் திறந்து கம்பியை விட்டார். முதல் குத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் உள்ளே பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. கதவு வழியாக வெள்ளையாக ஏதோ பாய்ந்து தளம் முழுக்கப் பரவியது. படிக்கட்டு ஓரம் நின்ற கொளஞ்சியப்பன் ஒரு மாடி கீழே உருண்டு விழுந்தார். வலது கை முழங்கை வரை வெந்தது. எழுந்து மேலே ஏறியபோது புகைக்குள் வைரக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கிழிந்த உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் கத்தவில்லை. "கண்ணு தெரியலங்க" என்று மட்டும் சொன்னார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் உயிர் போனது. அவருக்கு முப்பத்தாறு வயது. மனைவி வளர்மதியும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

மறுநாள் கொளஞ்சியப்பன் கையில் கட்டோடு ஜெயசீலன் அறையில் உட்கார்ந்திருந்தார். ஜெயசீலன் இரண்டு நாளாகத் தூங்காதவர்போல இருந்தார். மேசையில் ஒரு காகிதம் கிடந்தது. அடைப்பு எடுக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டு அது. மாவை நிறுத்திய பிறகே கதவைத் திறக்க வேண்டும் என்று தொழிலாளிக்குச் சொல்லப்பட்டதாகவும், அவர் காத்திருக்காமல் திறந்துவிட்டதாகவும் தட்டச்சு செய்திருந்தது. தேதி விபத்து நடந்த நாள்.

"சார், அவன் நிறுத்தச் சொன்னான் சார்."

"தெரியும்ணே." ஜெயசீலன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "நீங்க போன்ல சொன்னது எனக்குத் தெரியும். நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். இது வெளிய போனா வாங்க வந்தவங்க போயிருவாங்க. அப்புறம் ஆலையே இல்ல. செத்தவரு திரும்பி வரமாட்டாருண்ணே. மீதி எழுநூறு பேரு இருக்காங்க. அந்தக் குடும்பத்த நான் பாத்துக்கறேன். சத்தியமா."

கொளஞ்சியப்பன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கையில் கட்டுப் போட்டிருந்தது. விசாரணைக்கு வந்த ஆய்வாளரிடமும் அதையே சொன்னார்.

வைகாசியில் ஆலை கைமாறியது. போட்ட காசு இரண்டரை மடங்காகத் திரும்பியதாகப் பேசிக்கொண்டார்கள். நிரந்தர ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாக வந்தது. கொளஞ்சியப்பனுக்கும் வந்தது. ஜெயசீலனை அந்த முதலீட்டு நிறுவனம் ஆப்பிரிக்காவில் வேறொரு ஆலைக்கு அனுப்பிவிட்டது. போகும்போது அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வளர்மதிக்கு இன்சூரன்ஸ் உதவித்தொகை மாதாமாதம் வந்தது. ஆலையில் இறந்தவர் குடும்பத்துக்குத் தருகிற வேலையும் கருணைத் தொகையும் வரவில்லை. புது முதலாளியின் ஆபீசில் அவளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இறந்தவர் பாதுகாப்பு விதியை மீறியதால் பரிசீலிக்க இயலாது என்று அதில் இருந்தது. அவள் அந்தக் கடிதத்தோடு நேராகக் கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்தாள். லீலாவதி உள்ளே வரச் சொன்னாள். அவள் வாசலிலேயே நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு நிறுத்தச் சொன்னாரா, இல்லியாங்க?"

கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தார்.

"வூட்ல வந்து தெனம் சொல்லுவாரு, நிறுத்தாம குத்தச் சொல்றாங்க, பயமா இருக்குன்னு. அப்படிப்பட்ட மனுசன் தானா போயித் தொறந்தாருன்னு எழுதியிருக்கீங்களே."

அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் வேலைக்குப் போய் வந்தார். நான்காவது கலன் இருக்கிற தளத்துக்கு ஏறினால் மற்றவர்கள் பார்க்காமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார். ஐப்பசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஜெயசீலன் போனில் சொன்னது, தாம் சொன்னது, வைரக்கண்ணு சொன்னது, பிறகு போட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் எழுதினார். முதன்முதலில் நிறுத்தாமல் குத்தியது தாம்தான் என்பதையும் எழுதினார். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது லீலாவதி அழுதாள், பிறகு கோபப்பட்டாள். "ரிட்டயர் ஆவ ஒம்பது வருசம் இருக்குய்யா. அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு ஞாயம். எல்லாம் முடிஞ்சப்புறம் போயி எழுதிக் குடுத்து யாரக் காப்பாத்தின?"



பொய்யான ஆவணத்தில் கையெழுத்திட்டதாக ஆலை அவரை வேலையைவிட்டு நீக்கியது. ஆய்வாளர் போட்ட வழக்கு அரியலூர் கோர்ட்டுக்கு வந்தது. ஜெயசீலன் முதல் எதிரி, கொளஞ்சியப்பன் இரண்டாம் எதிரி. ஒரு நாள் வாட்ஸப்பில் ஜெயசீலன் கூப்பிட்டார். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லலண்ணே. ஆனா என்னால வர முடியாது. இங்க ரெண்டு வருஷத்துல முடிக்கணும், ரொம்ப மோசமான நெலமையில இருக்கு இந்த ஆலை."

"அங்கயும் பலகை வெச்சிருக்கீங்களா சார்?" என்று கொளஞ்சியப்பன் கேட்டார். லைன் கட்டாகிவிட்டது. அவர் கட் செய்தாரா, சிக்னல் போனதா என்று தெரியவில்லை.

இப்போது கொளஞ்சியப்பன் செட்டிகுளம் பக்கம் ஒரு சின்ன வெங்காயக் கமிஷன் மண்டியில் எடை போடுகிறார். வெந்த கை முழுதாக மடங்காது. வளர்மதி பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். புது முதலாளி வக்கீல் மூலமாக அவளுக்கு ஒரு தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வழக்கு முடிந்த பிறகுதான் என்கிறார்கள்.

போன மாத வாய்தாவுக்கு இருவரும் வந்திருந்தார்கள். கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பன் எழுந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்தத எங்க வக்கீல் படிச்சுக் காட்டினாரு" என்றாள்.



"மாமியாருக்கும் படிச்சுக் காட்டச் சொன்னேன். கேட்டுட்டு, சோறு திங்காமப் படுத்துக்கிச்சு." பிறகு, "என்னால ஒங்களுக்கு நல்ல வார்த்த சொல்ல முடியாதுங்க" என்றாள்.

"வேணாம்மா."

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். ஜெயசீலன், ஜெயசீலன், ஜெயசீலன் என்று மூன்று முறை. யாரும் வரவில்லை. பிறகு கொளஞ்சியப்பன் என்று ஒரு முறை. அவர் போய்க் கூண்டில் நின்றார். முதல் எதிரிக்குச் சம்மன் சேரவில்லை என்று சொல்லி வழக்கை ஆனி மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வளர்மதிக்கு அரை நாள்தான் லீவு. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் அவள் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்துப் போயிருந்தாள்.