மலையில்லாத ஊரின் மலைச் சைக்கிள்

நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. நெல், கரும்பு, மறுபடி நெல். உயரம் என்று பார்த்தால் ஏரிக்கரை, அதை விட்டால் ரைஸ் மில் புகைபோக்கி. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மலை உச்சியிலிருந்து கல்லிலும் பள்ளத்திலும் பாய்ந்து இறங்குவதற்கென்றே செய்த டவுன்ஹில் சைக்கிளை ஒரு பெண் வாங்கினால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "மலைய எப்பம்மா கொண்டாந்து எறக்கப் போறாங்க, லாரியிலயா டிரெயின்லயா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். வாங்கிய விஜயராணி அக்கா சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தார். நான்தான் பதில் சொன்னேன். எழுத முடியாத இரண்டு வார்த்தைகளையும் சேர்த்தே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மதகடிப்பட்டு மெயின் ரோட்டில் அய்யனார் அண்ணனின் லேத் பட்டறை இருக்கிறது. அக்கா அங்கே டர்னர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்தவர், மகள் ஒன்பதாவது படிக்கும் இன்றைக்கும் அதே லேத்தின் முன்னால்தான் நிற்கிறார். தேய்ந்த டிராக்டர் ஆக்ஸில், மோட்டார் ஷாஃப்ட் எதுவானாலும் அவர் கைக்குப் போனால் உருப்பட்டுத் திரும்பும். நான் தமிழ்க்குமரன், அதே பட்டறையில் கேஸ் வெல்டர். சத்தம் போடுவது என் பங்கு, சிரிப்பது அக்காவின் பங்கு என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

அந்தச் சைக்கிள் பெங்களூர்க்காரன் ஒருவன் விழுந்து தோளை உடைத்துக்கொண்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆன்லைனில் தள்ளிவிட்டது. பார்சல் லாரியில் வந்து இறங்கியது. சட்டம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. முன்னாலும் பின்னாலும் மோட்டார் சைக்கிள் மாதிரி சஸ்பென்ஷன், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். ஆனால் ஹேண்டில்பார் வளைந்து கிடந்தது. சீட்டு கிழிசல். பெடல் இரண்டுமே இல்லை. ஏமாந்துவிட்டார் என்று நான் குதித்தேன். அக்காவோ, "எங்கூட்டு பிக்ரோஸ் இருக்குது தமிழு, அத வெச்சி முடிச்சிடலாம்" என்றார்.

பிக்ரோஸ் என்பது பி.எம்.எக்ஸ். சைக்கிள்தான். அக்காவின் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். எண்பதுகளில் லீவுக்கு வந்தபோது பிள்ளைகளுக்காக ஒன்றைக் கொண்டுவந்தார். பிரான்சில் அதற்கு அதுதான் பெயராம், இவர்கள் வீட்டில் இன்னும் அதே பெயர். சட்டமும் சக்கரமும் துருப்பிடித்து எருக்குழி ஓரம் கிடந்தன. ஆனால் அந்த உயரமான ஹேண்டில்பார், பல்லுப் பல்லாக விளிம்பு வைத்த பெடல்கள், தட்டையான சின்னச் சீட்டு, மூன்றும் தேய்த்துத் துடைத்ததும் பளபளத்தன. அந்த ஹேண்டில்பாரைப் பிடித்துத்தான் அக்கா சைக்கிளே பழகினாராம். வேறெதைப் பிடித்தாலும் கைக்கு நம்பிக்கை வராது என்றார். ஹேண்டில்பாரில் எங்காவது வெடிப்பு இருக்கிறதா என்று நான் இஞ்ச் இஞ்ச்சாகத் தடவிப் பார்த்த பிறகுதான் மாட்ட விட்டேன்.

மாட்டுவது சும்மாவா! புது சைக்கிளில் ஹேண்டில்பாரைக் கவ்வும் வாய் பெரிசு, பழைய பார் ஒல்லி. அலுமினியக் கட்டியில் அக்கா இடைவெளியை அடைக்கும் புஷ் வளையம் ஒன்றைக் கடைந்து, இரண்டாக அறுத்து, இரு பக்கமும் வைத்து முடுக்கினார். இம்மி ஆடவில்லை. சீட்டுக் கம்பிக்கும் அதே வைத்தியம். பட்டறைச் சொந்தக்காரர் அய்யனார் அண்ணன் வெற்றிலையை மென்றபடி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா ராணி, புதுச் சட்டைக்குப் பழைய பட்டன் தெக்கறியா?"

"பட்டன் நல்லாத்தான்ணே இருக்குது."

"மலை எங்கம்மா இருக்குது?"

எல்லோரும் கேட்கும் அதே கேள்வி. அக்கா லேத்தைப் போட்டுக்கொண்டார், கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

பெடல்தான் எங்களைக் கவிழ்த்தது. பிரான்சில் அந்தக் காலத்தில் பெடலுக்கு வெட்டிய திருகு மரை ஒரு அளவு, மற்றவர்கள் வெட்டுவது வேறு அளவு. வித்தியாசம் மயிரிழைதான். அதனால் பழைய பெடல் புதுக் கிராங்கில் சமர்த்தாக ஏறிக்கொண்டது. லேசான ஆட்டம் இருந்ததை அவசரத்தில் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரை மேலிருந்து அக்கா முதல்முறையாக இறங்கினார். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, நின்றபடி! பாதி இறக்கத்தில் வலது பெடல் கழன்று ஒரு பக்கம் பறந்தது, அக்கா இன்னொரு பக்கம் பறந்தார். எருமைகள் புரளும் சேற்றில் போய் விழுந்தார். ஓடிப் போய்ப் பார்த்தால், முகமெல்லாம் சேறு, பல் மட்டும் தெரிகிறது. சிரிக்கிறார்.

"பெடல் புடிச்சிருந்தா இன்னும் போயிருக்கும் தமிழு! பாத்தியா வேகத்த?"

மறுவாரம் உடைந்த ஆக்ஸில் துண்டு ஒன்றை எடுத்து, பெடலுக்குப் புதிய தண்டு இரண்டு கடைந்தார். இந்தச் சைக்கிளுக்கு உரிய மரையை வெட்டி, அதன்மேல் பிரான்ஸ்காரனின் பெடலை ஏற்றினார். அதற்குப் பிறகு வண்டி கழலவே இல்லை. தினமும் வேலைக்கு முன்னால் ஏரிக்கரையில் இருந்தார். கரை ஏறி இறங்கி, மதகைத் தாண்டிக் குதித்து, மறுபடி ஏறி. அக்காவின் வீட்டுக்காரர் அருள்முருகன் மாமா குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவர், எதற்கும் சத்தம் காட்டாத மனிதர். அவரே ஒருநாள் கரையில் நின்று விசில் அடித்தார். அன்றைக்கு அக்கா பட்டறையில் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. செஞ்சிப் பக்கம் ஒரு மலையில் சைக்கிள் கிளப் ஒன்று இறக்கப் போட்டி நடத்துகிறது, விஜயதசமி அன்று காலை, பெண்களுக்குத் தனியாக உண்டு. அக்கா பெயர் கொடுத்துவிட்டார். ஒரே கண்டிப்பு, இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்குச் சோதிப்பார்கள், பிடிக்காவிட்டால் மலை மேலே ஏற்றவே மாட்டார்கள். "பரிசெல்லாம் வேணாம்டா. ஒரு மலைய, நெஜமான மலைய, ஒரே ஒரு தடவ எறங்கிப் பாத்துடணும்" என்றார்.

வண்டி கடைசி முடுக்கலுக்காகப் பட்டறையில் நின்றது. ஆயுத பூஜை அன்று மாலை அக்கா பட்டுப்புடவை கட்டி, மாமாவோடும் மகளோடும் வந்தார். வாசலில் வாழைக்கன்று, உள்ளே பொரியும் சுண்டலும். லேத்துக்குப் பக்கத்தில், எல்லாக் கருவிகளுக்கும் நடுநாயகமாக நின்றது சைக்கிள். அய்யனார் அண்ணன் தன் கையாலேயே அலங்காரம் செய்திருந்தார். உயர்ந்த ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, பெடலில் எலுமிச்சம்பழம்.

"இன்னாம்மா பாக்கற? இந்த வருசம் உன் வண்டிக்குத்தான் மொத மால" என்றார் அண்ணன். ஒரு வருஷம் கிண்டல் செய்த மனிதர், முகமெல்லாம் பூரிப்பு.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தது மாலையை அல்ல. லேத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்த அதே துணியால் அண்ணன் சைக்கிளையும் துடைத்திருந்தார். டிஸ்க் இரண்டும் எண்ணெயில் மின்னின. அதன்மேல் வட்டமாகச் சந்தனம், குங்குமம். போதாததற்கு, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கை ஆசை தீர அழுத்தியும் பார்த்திருக்கிறார். எண்ணெய் முழுவதையும் பிரேக் பேட் குடித்துவிட்டது. நான் சக்கரத்தைச் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று கத்தினேன்.

"இன்னாடா பண்ணிட்டன்? இரும்புக்கு எண்ண காட்டாம ஒரு பூசையா?"

"டிஸ்க்ல எண்ண பட்டா பிரேக்கு புடிக்காதுண்ணே! நாளைக்குக் காலைல போட்டி!"

அண்ணனின் முகம் செத்துப்போனது. பிரேக் பேட்டைக் கழற்றிச் சுட்டு எடுத்து, டிஸ்க்கைத் தேய்த்துக் கழுவினால் ஒருவேளை தேறும் என்றேன். அதற்கு ஆலன் கீ வேண்டும், எமரித் தாள் வேண்டும், என் கேஸ் கட்டிங் செட் வேண்டும். எல்லாம் சந்தனப் பொட்டோடு சாமிக்கு முன்னால் இருந்தன. எடுக்கப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். "பூசைல வெச்சத தொடாத. நாளைக்கு எமகண்டம் முடிஞ்சி நல்ல நேரத்துலதான் எடுக்கணும்" என்றார். நல்ல நேரம் வருவதற்குள் போட்டியே முடிந்துவிடும். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அக்கா என் தோளைத் தட்டி வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"ஆசையாத்தான் பண்ணாரு. வுடு தமிழு" என்றார். கண் நிறைந்திருந்தது.

நான் விடுகிற ஆள் இல்லை. மதகடிப்பட்டில் ஒரு மெக்கானிக் பாக்கியில்லாமல் கேட்டேன். எல்லா ஸ்பேனரும் பூஜையில் இருந்தன. திருபுவனையில் அந்தோணிசாமி ஒர்க் ஷாப் ஞாபகம் வந்தது. அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருக்கேது ஆயுத பூஜை என்று பைக்கில் பறந்தேன். மாதா படத்துக்கு முன்னால் அவருடைய ஸ்பேனர் செட் முழுவதும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு கிடந்தது. "தொழில் சாமானுக்கு எல்லாரும் வெக்கறதுதானப்பா. பொரி சாப்புட்டுப் போ" என்றார். பொரியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்றைக்கு அத்தனை சாமிகள் மேலும் எனக்குக் கோபம்.

விடியக் கருக்கலில் போன் அடித்தது. அய்யனார் அண்ணன்.

"டேய், எங்கடா இருக்க? சிலிண்டர நானா தொறக்கணும்?"

போய்ப் பார்த்தால் பட்டறை திறந்திருக்கிறது, கற்பூரம் எரிகிறது. அண்ணன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நிற்கிறார். அக்காவும் மாமாவும் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

"எமகண்டம்?" என்று கேட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

"பிரம்ம முகூர்த்தத்துக்கு எமகண்டம் கெடையாதுடா."

"யாருண்ணே சொன்னது?"

"நாந்தான் சொல்றன். விஜயதசமிக்கு மொத வேல ஒண்ணு தொடங்கணுமா இல்லியா? இதான் மொத வேல. எட்றா டார்ச்ச!"

அக்கா பேட்டைக் கழற்றினார். நான் சுவாலையைக் காட்டினேன், குடித்த எண்ணெயெல்லாம் புகையாகக் கக்கியது. அண்ணன் சோப்புத் தூள் போட்டு டிஸ்க்கைக் கழுவி, எமரித் தாளால் தேய்த்தார். நேற்று பொட்டு வைத்த கை இன்றைக்கு மூச்சிரைக்கத் தேய்த்தது. மாட்டி முடித்து, அக்கா வெறிச்சோடிய மெயின் ரோட்டில் மிதித்து மிதித்துப் பிரேக்கைப் பிடித்தார். முதலில் வழுக்கியது. அப்புறம் ஊரையே எழுப்புகிற மாதிரி கீச்சென்று கத்தியது. அப்புறம், ஐயோ, பிடித்தது! சக்கரம் தார் ரோட்டில் கோடு போட்டு நின்றது. நான் கூவியதில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து திட்டினார்.

சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றினோம். விஜயதசமி அன்று பட்டறையை விட்டு நகராத அய்யனார் அண்ணன், யாரும் கூப்பிடாமலேயே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் மாலையோடு இருந்த அந்த ஹேண்டில்பாரைப் பிடித்தபடி வந்தார். மலையடிவாரத்தில் சோதித்த இளைஞன் ஹேண்டில்பாரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பிரேக்கைப் பிடித்தான். கீச்சென்று கத்தியது, ஆனால் சக்கரம் நின்றது. "போங்கக்கா" என்றான்.

ஜீப்பில் மேலே ஏற்றிப் போனார்கள். நாங்கள் கீழே நின்று பார்த்தோம். பாறைகளுக்கு நடுவே முதலில் அந்தக் கீச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு தூசி. பிறகு அக்கா! நின்றபடி, முழங்கை விரித்து, கல்லுக்குக் கல் தாவி வருகிறார். ஒரு மேட்டில் ஏறிச் சக்கரம் இரண்டும் தரையை விட்டுப் போயின. அண்ணன் என் தோளை இறுக்கிப் பிடித்து, "வுழுந்துடப் போவுதுடா, வுழுந்துடப் போவுதுடா" என்று கத்துகிறார். விழவில்லை. கோட்டைத் தாண்டி வந்து, எங்கள் காலுக்கு முன்னால் பிரேக் பிடித்து நிறுத்தினார். ஆறு பெண்களில் நான்காவது என்று மைக்கில் சொன்னார்கள். நாங்கள் முதல் பரிசு வாங்கினது போலக் குதித்தோம். அருள்முருகன் மாமா அழுதேவிட்டார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பி மலையைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"இவ்ளோதானா? அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"ஒரே ஒரு தடவன்னு நீதானக்கா சொன்ன?"

"அப்ப தெரியாதுடா, இப்டி இருக்கும்னு!"

ஜீப் போய்விட்டது, கொடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். போட்டி முடிந்துவிட்டது, இனி ஏற்றிவிட ஆள் இல்லை என்றேன்.

"போட்டிதானடா முடிஞ்சிது. மலை அங்கதான இருக்குது?" என்று சைக்கிளைத் திருப்பினார். அது கனமான வண்டி, இரண்டடி தள்ளுவதற்குள் நின்றுவிட்டார்.

"நீ நடம்மா, நா தள்றன்" என்று அய்யனார் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சின்னச் சீட்டைப் பிடித்து மலை மேலே தள்ள ஆரம்பித்தார்.