ஒன்பதாம் தளத்து வெந்நீர்

எங்கள் கீலுங் துறைமுக ஊரில் கப்பல் பார்க்கக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே நிற்கும், வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட அடுக்குமாடி வீடு மாதிரி. சூஷியா தன் வேலைக்காலம் முழுக்க அந்தத் துறைமுக வளைவில் நகரப் பேருந்து ஓட்டியவள். ஓயாத மழையில் கண்ணாடியின் துடைப்பான் போய்வர, ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு வெள்ளைக் கப்பல் துலங்கும், மறுபடி கரையும். ஏறியதில்லை. ஓய்வு பெற்ற மறுவருஷமே புருஷன் மாரடைப்பில் போனார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை, "வாங்க அக்கா, நாலு நாள் தண்ணிமேல இருந்துட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து முதல்முறை ஏற்றியவள் பாவ்லியன்.

பாவ்லியன் கோயில் தெருவில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை நடத்தியவள். சூஷியாவைவிட இளையவள், புருஷனை எப்போதோ விட்டுவிட்டு வந்தவள். ஒருத்திக்கு மற்றவள் அவசியமாக இருந்தாள். ஏனென்றால் கப்பலில் அறை என்பது இரண்டு ஆள் கணக்கு. தனியாகப் போனால் காலியாகக் கிடக்கும் படுக்கைக்கும் சேர்த்துத்தான் கப்பல்காரன் காசு வாங்குவான். அதனால் தனிக்கட்டைகள் கப்பலைத் தேடுவதற்கு முன்னால் அறைக்கு ஒரு துணையைத் தேடுவார்கள். சூஷியாவுக்குத் தேடும் வேலையே வரவில்லை. ஒக்கினாவா, இஷிகாகி, நாகசாகி என்று எங்கே போனாலும் பக்கத்துப் படுக்கையில் பாவ்லியன். அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டி, "கொஞ்சம் இடம் குடுங்க, ரெண்டு பொம்பளைங்க வரோம்" என்று உள்ளே இருக்கக்கூடிய கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் சொல்வது பாவ்லியனின் வேலை. விளக்கை அணைப்பது சூஷியாவின் வேலை.

கப்பல்களைப் பற்றி சூஷியா சொன்னால் எங்கள் ஊரில் கேட்பார்கள். சனிக்கிழமை காலை, சோயாப் பால் கடையின் பின்மேசையில் ஒரு கூட்டம் கூடும். இத்தாலிக்காரன் கப்பலில் நூடுல்ஸ் பாதி வேகாமல் வருகிறது, ஹாங்காங்காரன் கப்பலில் சூதாட்டக் கூடத்துப் புகை அறைவரைக்கும் வருகிறது, அமெரிக்காக்காரன் கப்பலில் ஏசியைக் குறைக்கவே தெரியாது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சூஷியா எல்லாம் கேட்டுவிட்டு, "துறைமுகத்த விட்டுத் திரும்புறப்ப டீ சிந்துச்சா?" என்பாள். அவளுக்கு அது ஒன்றுதான் அளவு. சிந்தாமல் திருப்பத் தெரிந்தவன் சமையலையும் ஒழுங்காகத்தான் வைத்திருப்பான் என்பது அவள் கட்சி.

இந்த வருஷம் கோடையில் புதிதாக ஒரு கப்பல் வந்தது. வந்த அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் நின்று அதைப் பார்த்தார்கள். "வசந்தத்துல இதுதான் அக்கா. முதல் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்து" என்று பாவ்லியன் சொன்னாள். வசந்தத்துக்கு இரண்டு பேர் பெயரிலும் அறை பதிவாகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் சின்ச்சு ஊரிலிருந்து சூஷியாவின் மகன் கூப்பிட்டான். பள்ளி விடுமுறை, அதே கப்பல், பேரன் செங்யூவோடு நீங்களும் வாருங்கள் என்றான். ஆனால் அது சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். செத்தவர்களின் ஆவிகளை 'நல்ல அண்ணன்மார்' என்று பயந்து பயந்து மரியாதை கொடுத்துச் சொல்கிறோமே, அவர்கள் வெளியே திரிகிற மாதம். கீலுங்கில் வளர்ந்தவர்கள் அந்த மாதத்தில் கடலில் கால் நனைக்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் மலிவு விலை மாதம். சூஷியா பாவ்லியனிடம் கேட்டாள்.

"ஏழாம் மாசத்துல தண்ணிமேலயா? நல்லா இருக்கு. உங்க மகனுக்கு ஊர் மாறினதும் புத்தியும் மாறிடுச்சு. போகாதீங்க அக்கா."

சூஷியா போகவில்லை. மருமகளின் அம்மா அந்த இடத்தில் போனாள். பேரன் அந்தப் பாட்டியோடு கப்பல் தளத்தில் நின்ற படம் வந்தது. சூஷியா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பையனின் முகம் வெறும் சதுரங்களாக உடையும்வரை பார்த்தாள். அந்த வாரம் பாவ்லியன் மலையூரில் மகள் வீட்டில் இருந்தாள். அங்கே தொலைபேசி சரியாக எடுக்காது.

பிறகு குளிர் வந்தது. ஒரு சனிக்கிழமை அந்தப் புதுக் கப்பலில் போய்விட்டு வந்த கோ வாத்தியார், ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், பின்மேசையில் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. வெந்நீர்தான் கிடையாது. பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு மேல் தளத்துக்கு நடந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள பாதி ஆறிப்போச்சு."

"உங்க நடைக்கு ஐஸ்கட்டி ஆயிருக்குமே வாத்தியாரே," என்றாள் சூஷியா. மேசை சிரித்தது.

பாவ்லியன் சிரிக்கவில்லை. அந்தக் கப்பலைக் குறை சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை போல. "யாரு சொன்னா கிடையாதுன்னு? ஒன்பதாம் தளத்துல ஐஸ்கிரீம் குடுக்கிறான்ல, அதுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு. கூட்டமே இருக்காது. கொஞ்சம் தாழ்வா வச்சிருக்கான், பிளாஸ்க்கை இப்படிச் சாய்ச்சாத்தான் ரொம்பும்."

'இப்படி' என்றபோது அவள் கை சாய்ந்தது. கட்டைவிரல் மட்டும், ஆவி பட்டதுபோல, லேசாகப் பின்னால் விலகியது.

"கண்ணால பாத்த மாதிரி சொல்றீங்களே," என்றார் வாத்தியார்.

"யாரோ வீடியோ போட்டிருந்தாங்க," என்றாள் பாவ்லியன்.

சூஷியா முட்டை ரொட்டியின் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

வெளியே வந்ததும் பாவ்லியன் குடையை விரித்து, வழக்கம்போல அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். சூஷியா குடைக்கு வெளியே நடந்தாள்.

"எப்பப் போனே?"

"எங்க அக்கா?"

"பாவ்லியன், காலம் பூரா கண்ணாடியில பின்னாடி பாத்துக்கிட்டே வண்டி ஓட்டினவ நான். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

பாவ்லியன் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏழாம் மாசம்."

"மக வீட்டுல இருந்தேன்னியே."

"அங்க போகல."

"யாரோட போனே?"

"யாரோடயும் இல்லக்கா. தனியா. ரெண்டு படுக்கைக்கும் கட்டினேன்."

சூஷியா நின்றுவிட்டாள். வேறொருத்தியோடு போயிருந்தால் அந்த வேறொருத்தியைத் திட்டலாம். அவள் உடுப்பை, அவள் சிரிப்பை, அவள் சாப்பிடும் விதத்தை வருஷக்கணக்கில் திட்டலாம். ஒரு காலிப் படுக்கையை எப்படித் திட்டுவது?

"நான் குறட்டை விடுறேனா?"

"இல்லக்கா."

"சத்தமாப் பேசுறேன், அதானே? எஞ்சின் சத்தத்துல செவிடான காது. அதானே?"

"அதெல்லாம் இல்ல. எந்திரி, சாப்பிடப் போலாம், குடை எடுத்துக்கோன்னு ஒரு தடவையாவது யாரும் சொல்லாம இருக்கணும்னு தோணிச்சு. அந்த மாசம்னா நம்ம ஊர்க்காரங்க ஒருத்தரும் ஏற மாட்டாங்க. அதான்."

"அதுக்குத்தான் என்னைப் போகாதன்னியா?"

துறைமுகத்தின் மேலே பருந்துகள் நனைந்தபடி வட்டமிட்டன. பாவ்லியன் குடைக்காம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"உங்க மகனும் அதே வாரம் ஏறுவான்னு நினைக்கல. நான் குழாய்கிட்ட நிக்கிறேன், செங்யூ வந்து ஐஸ்கிரீமுக்கு நிக்கிறான். தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிட்டேன்." பிறகு, ஏதோ ஆறுதல் கொடுப்பதுபோல, குரலைத் தணித்துச் சொன்னாள்: "ரெண்டு உருண்டை கேட்டான். சந்தோஷமா இருந்தான் அக்கா. பாட்டி, பாட்டின்னு அந்தம்மா கைய விடவேயில்ல."

சூஷியா அவளைப் பார்த்தாள். கீழ் உதட்டில் சோயாப் பால் காய்ந்திருந்தது. மற்ற நாளாக இருந்தால், துடைச்சுக்கோடி என்று சொல்லியிருப்பாள்.

"வசந்தத்துக்குப் போறோம்ல அக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தபோது அவள் தெருவைத் தாண்டிவிட்டிருந்தாள்.

நேரே பயண ஏஜெண்ட் கடைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஹுவாங், சனிக்கிழமைக் கூட்டத்து ஆட்கள் எல்லோரையும் அறிந்தவன். நனைந்து நின்றவளைப் பார்த்து முதலில் காகிதத் துண்டை நீட்டினான்.

"வசந்தத்து அறையில என் பேரை எடுத்துடு."

"உடம்புக்கு ஏதாவதா அக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

அவன் திரையைப் பார்த்துத் தயங்கினான். "உங்க பேரை எடுத்தா பாவ்லியன் அக்கா ரெண்டு படுக்கைக்கும் கட்ட வேண்டி வருமே. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யட்டுமா?"

"கேக்க வேண்டாம். அவளுக்குப் பழக்கம்தான்."

சொல்லும்போது நன்றாக இருந்தது. படி இறங்குவதற்குள் அந்தத் திருப்தி தீர்ந்துவிட்டது. எதிரே அவள் ஓட்டிய தடத்துப் பேருந்து வந்து நின்றது. புதிய ஓட்டுநர் பெண் அடையாளம் கண்டு, "ஏறுங்க அக்கா, நனையாதீங்க" என்றாள். சூஷியா ஏறி உட்கார்ந்தாள். யாரிடமாவது கொட்டினால்தான் மூச்சு வரும் போலிருந்தது. இப்படியொரு அநியாயம் நடந்திருக்கிறது, நீயே சொல், இப்படி ஒருத்தி செய்வாளா என்று கேட்க வேண்டும். கை தன்னால் பைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தது. விரல் எந்தப் பெயரின் மேல் போய் நின்றிருக்கிறது என்பதைப் பேருந்து வளைவில் திரும்பியபோதுதான் பார்த்தாள்: பாவ்லியன்.