மைல் எண்ட் சவக்காலையில் கார்லைத் தேடி

1994 ஓகஸ்ட் 13, சனிக்கிழமை, காலை 9.10. லண்டன் செவன் கிங்ஸ் ஸ்டேஷனில் நாங்கள் மூன்று பேர்: நான், அம்மா, ஆறு மாதக் கர்ப்பிணியான எலன் அண்ணி. அண்ணி அமெரிக்காக்காரி, மில்வோக்கியில் வேலை பார்க்கும் அண்ணை கட்டிய பெண். மறுநாள் மதியம் அவருக்குத் திரும்பும் விமானம். அதற்குள் ஒரு குழந்தையைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

குழந்தையின் பெயர் கார்ல். அண்ணியின் பூட்டனார் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டு, கப்பல் காசு போதாமல் லண்டனில் தங்கிச் சீனி ஆலையில் வேலை செய்தவர். மூத்த மகன் கார்ல் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்தான். அவனை இங்கே புதைத்துவிட்டுத்தான் தாயும் தகப்பனும் கப்பலேறினார்கள். அதன்பிறகு குடும்பத்தில் யாரும் வந்து பார்க்கவில்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கிச் சென்ட்ரல் லைனில் ஒரே ஸ்டேஷன், மைல் எண்ட். லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை போய்த் திரும்பி வரச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ரயிலில் அண்ணி, தன் அப்பா சொன்னதைச் சொன்னார். அமெரிக்காவில், விஸ்கான்சினில், கார்லின் தாய் தகப்பனுக்கு மேலும் ஏழு பிள்ளைகள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது அந்தத் தாய் முதலில் "கார்ல்" என்பாராம். கொஞ்சம் பொறுத்துத்தான் மற்றப் பெயர்கள் வரும். அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை என்று நினைத்தேன்.

சவக்காலை வாசலில் அம்மா மறித்தார்.

"பிள்ளைத்தாச்சி உள்ள போறதோ? ஏலாது."

"அது எங்கட பிள்ளைதானே மாமி, பேய் இல்லையே." அண்ணிக்கு அண்ணை பழக்கிய தமிழ்.

"ஆற்ற பிள்ளை எண்டாலும் ஏலாது. இவன் சும்மாதானே நிக்கிறான், போகட்டும்."

அம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் வீட்டில் இல்லை. அண்ணி முகம் வாடி, கையிலிருந்த பூவை என்னிடம் தந்துவிட்டு மதிலோரம் இருந்தார்.

உள்ளே காடு. முன்பே போன் பண்ணிக் கேட்டிருந்ததால் இடத்தைக் கண்டுபிடித்தேன். ஏழைகளை ஒன்றாகப் புதைத்த பொதுக் குழி, கல் கிடையாது. காஞ்சோண்டி மாதிரி எரிக்கும் செடிகள் முழங்கால் வரை. பூவை வைத்து, இரண்டு மூன்று படமும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"ஒண்டும் இல்லை அண்ணி. மரமும் புல்லும்தான்."

"அவனோட கதைச்சனீங்களா?"

"கல்லே இல்லை. ஆரோட கதைக்கிறது?"

அம்மாதான் பாய்ந்தார்.

"படிச்ச மாடு! அவ்வளவு தூரம் போய் வாயைத் திறக்காமல் வந்திட்டியோ? நட, இடத்தைக் காட்டு."

எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைக் கொண்டுபோன அன்றும் அம்மா வீட்டு வாசல் படலையோடு நின்றவர். இப்போது சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் செடிகளுக்குள் நடந்தார். பூ கிடந்த இடத்தில் குந்தி, மண்ணில் கையை வைத்தார்.

"தம்பி, கொம்மா அமெரிக்காவில நல்லா இருந்தவ. உனக்குப் பிறகு ஏழு பேர். உன்ர பேரைச் சொல்லிப்போட்டுத்தான் அதுகளுக்குச் சாப்பாடு குடுத்தவ. விட்டிட்டுப் போட்டா எண்டு நினையாதை, ராசா."

நானும் பக்கத்தில் குந்தினேன். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்ததும் அம்மா அண்ணியின் கையைப் பிடித்து, சொன்னதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார்.

இப்படித் தேடிப் போகிறவர்கள் இறந்தவரின் பெயரையும் வருடத்தையும் சொல்லி முதலில் போனில் இடத்தைக் கேளுங்கள். நீளக் காற்சட்டை போடுங்கள். கல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. படச்சுருளைக் கழுவி அண்ணிக்குப் படங்களை அனுப்புவது.
2. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்பது, அம்மாவுக்கும் சேர்த்து.
3. அடுத்த கோடையில் விஸ்கான்சினில் கார்லின் தாயைப் புதைத்த இடத்துக்குப் போய், மகனைப் பார்த்துவிட்டோம் என்று சொல்வது. அதை அம்மா தானே சொல்வாராம்.