வெற்றிலைக் கொடிக்குப் புகையிலைத் தண்ணீர்

காலை ஏழேகால் மணி. பத்திரிகை அலுவலகத்தின் கதவுப் பலகைகளில் இரண்டைத்தான் கழற்றியிருந்தேன். அந்த இடைவெளியில் முதலில் தெரிந்தது ஒரு கை. அதில் நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு.

அந்தக் கைக்கு உரியவளை நான் ஏமாற்றினேன். இதை உங்களிடம் சொல்லப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன...

அவள் பெயர் அஞ்சலை. கணவர் தண்டவாள வேலை செய்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், வீட்டின் பின்புறம் எட்டு வெற்றிலைக் கொடிகள் வளர்த்தாள்.

அந்த ஆண்டு மழை பிந்தியது. கொடிகளில் செஞ்சிலந்திப் பேன் பரவியது. ஊசிமுனை அளவுகூட இராது. ஆனால் இலை மணல் தூவினாற்போல் வெளிறிப் போகும். அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை கட்டும்.

வாரந்தோறும் வீட்டுக் குறிப்பு எழுதியவன் நான். இதற்கு மூன்று வைத்தியம் எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரை இலையடியில் வேகமாக அடிப்பது. நீர்த்த அரிசிக் கஞ்சியைத் தெளிப்பது. புகையிலை ஊறிய நீரில் சோப்பைச் சீவிக் கலந்து தெளிப்பது. முதல் இரண்டும் எவருக்கும் தீங்கு செய்யாதவை. நான் மூன்றாவதை எழுதினேன். ஏன்? கஞ்சித் தண்ணீர் என்றால் வாசகர் சிரிப்பார் என்றா? இருக்கலாம்...

கடைசி இரண்டு வரிகள் எச்சரிக்கை. மருந்திட்ட கொடியில் பத்து நாள் இலை கிள்ளக் கூடாது. பிறகும் மூன்று முறை அலசாமல் வாயில் போடக் கூடாது.

அந்தக் குறிப்பை அச்சுக்குக் கோர்த்த அன்று கூந்தல் தைல விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது. அச்சுக்கோர்ப்பவர் மாணிக்கம் உள்ளிருந்து கேட்டார்: “ரெண்டு வரி கூடுதுங்க. அடியில எடுத்துரட்டுமா?”

“எடுத்துருங்க,” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நீங்கள் வெற்றிலை போடுபவரா? அப்படியானால் உங்களுக்கே தெரியும். நாம் அதை அலசுவதில்லை. துணியில் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி மடித்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான்!

மருந்து தெளித்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு அஞ்சலை வெற்றிலை கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள். தட்டிலிருந்து எடுத்துப் போட்டவர்களில் நால்வர் வாந்தியெடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் மயங்கி விழுந்தார். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று.

அஞ்சலைக்குக் கல்யாண வயதில் ஒரு தங்கை இருந்தாள். வேறென்ன வேண்டும்? அந்த மாப்பிள்ளையைத் தங்கைக்குப் பிடிக்கவே வெற்றிலையில் மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பியது. குழாயடியில் அவளுக்குப் பக்கத்தில் குடம் வைக்க ஆளில்லை. அந்தத் துண்டோடு அவள் வந்த நாள் மாலை குவாட்டர்ஸ் பெரியவர்கள் கூடுவதாக இருந்தது. அதற்கு முன் என்னைத் தேடி வந்திருந்தாள்.

“ஐயா, நீங்க போட்டபடிதான் செஞ்சேன். எனக்கு எழுத்து தெரியாது, கொழுந்தன்தான் படிச்சுச் சொன்னாரு. வெத்தலைய அலசணும்னு இதுல இருக்குதுங்களா? இல்லேன்னா, சாயந்தரம் வந்து இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மருந்து வச்சவள்னு பேரு வாங்கிட்டு நான் எப்படிங்க அங்க குடியிருக்கிறது?”

துண்டை வாங்கி, வரி வரியாக விரல் வைத்து வாசித்தேன். பின்வாசல் வழியாக முன்பே வந்து உள்ளே வேலையில் இருந்த மாணிக்கம் எழுத்துக் கோர்க்கும் சத்தம் நின்றது. அச்சு முடிந்த இடத்தில் என் விரலும் நின்றது. குரல் நிற்கவில்லை! வெட்டிப்போட்ட இரண்டு வரிகளையும் நினைவிலிருந்து, அதே நிதானத்தில், ஒரு சொல் பிசகாமல் வாசித்து முடித்தேன்...

“இருக்குதா?” என்றாள்.

“இருக்கு.”

என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு, “வேலைக்கு நேரமாச்சுன்னு கொழுந்தன் கடைசி வரிய விட்டுட்டாரு போல. அப்ப எங்க வீட்டுத் தப்புதாங்க,” என்றாள். துண்டுக்காகக் கையை நீட்டினாள். அது அலுவலகத்தில் இருக்கட்டும் என்று சொன்னேன். கையை மடக்கிக்கொண்டு போனாள்.

எதற்கு அஞ்சினேன்? வேலைக்கா, பெயருக்கா? அந்த நேரத்தில் ஒன்றையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. இதுதான் உண்மை, இதனால் என் குற்றம் குறையவில்லை.

மாலையில் அவள் கூட்டத்தின் முன் நின்று, பத்து நாள் பொறுக்காமல், அலசாமல் கொடுத்தது தன் பிழை என்று தானே சொன்னாளாம். கூட்டம் கலைவதற்குள் அது தெரிந்தே கொடுத்தாள் என்று ஆகிவிட்டது. கொழுந்தன், தான் ஒரு வரியும் விடவில்லை என்று சாமி மீது சத்தியம் செய்தான். பத்திரிகைக்காரர் பொய் சொல்வாரா என்று கேட்டார் அவன் அண்ணன், அஞ்சலையின் கணவர். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. எட்டுக் கொடிகளையும் அவளே வேரோடு பிடுங்கிப் போட்டாள். அடுத்த மாதம் கணவர் மாற்றல் கேட்டு வாங்கி, அவர்கள் வேறோர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

மாணிக்கம் இதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்தத் துண்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அச்சில் பதினெட்டு வரிகள். நான் அவளுக்கு வாசித்தது இருபது.